போனில் 4,000 படம் இருக்கு... ஆயா படம் எங்கே? மயிலத்திலிருந்து ஒரு போட்டோகிராபி கையேடு!

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், மயிலம் வந்து சேர்வதற்குள் சில கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களையாவது பார்த்துவிடலாம். அடுத்த முறை அவற்றில் இருக்கும் படங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பல படங்கள் ஆதார் கார்டிலிருந்தோ, ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ எடுத்து, இழுத்துப் பெரிதாக்கியவை. அறுபது எழுபது வருடம் வாழ்ந்த ஒரு மனுஷருக்கு, முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு நல்ல படம்கூட வீட்டில் இல்லை!

இதை நக்கலாகச் சொல்லவில்லை. எனக்கும் அதேதான் நடந்தது. எங்கள் பக்கம் பாட்டியை 'ஆயா'ன்னுதான் கூப்பிடுவோம். ஆயா இறந்த அன்றைக்கு என் போனில் 4,000-க்கும் மேல் படங்கள் இருந்தன. சூரிய அஸ்தமனம், பைக், டீ கிளாஸ், ஃப்ரெண்ட்ஸோடு செல்ஃபி என எல்லாம் இருந்தது. ஆயா தனியாக இருக்கிற ஒரு படம் இல்லை. கடைசியில் அத்தை கல்யாண ஆல்பத்தில் இருந்த ஒரு குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினோம். ஆயா முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீலக் கலர் போட்டுத் தந்தார்கள். இன்றைக்கும் அந்த ஃப்ரேமில், ஆயாவின் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் ரோஸ் கலர் புடவை கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். அது யாருடைய தோள் என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றுதான். நல்ல போட்டோகிராபர் ஆக ஊட்டிக்கும் லடாக்குக்கும் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற மனுஷங்களையும் இடத்தையும் திரும்பத் திரும்ப எடுத்தாலே போதும், கை தானாகத் தேறும். அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து பார்க்கலாம், வாங்க!

கேமரா வாங்கும் முன், கையில் இருக்கும் போனைப் பழகுங்கள்

'நல்ல கேமரா வாங்கினதும் ஆரம்பிக்கலாம்' என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பதே இல்லை. இன்றைய சாதாரண போனே கற்றுக்கொள்ளப் போதும். முதலில் இந்த ஆறு விஷயங்களைச் செய்யுங்கள்.

1. லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் ஹேண்ட்பேகிலும் கிடக்கிற போனில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். படம் மங்கலாக, விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வருவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மெல்லிய பருத்தித் துணி போதும்.

2. கேமரா செட்டிங்ஸில் கிரிட் லைனை ஆன் செய்யுங்கள். திரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் வரும். அடிவானமும் கோபுரமும் சாய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

3. பியூட்டி மோடை அணையுங்கள். அது தோலின் கோடுகளையும் நிறத்தையும் அழிக்கிறது. ஆயாவின் நெற்றிச் சுருக்கம்தானே ஆயா?

4. யாரை எடுக்கிறீர்களோ அவர் முகத்தைத் திரையில் தொடுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் அந்த முகத்துக்கு ஏற்ப மாறும். தொட்ட இடத்திலேயே விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் இரண்டும் லாக் ஆகிவிடும்.

5. தொட்டதும் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருட்டாகும், மேலே தள்ளினால் வெளிச்சமாகும். இந்த ஒரு கோட்டைப் பழகினாலே உங்கள் படங்கள் பாதி தேறிவிடும்.

6. விரலை விரித்து ஜூம் செய்வதை விட்டுவிடுங்கள். போனில் 2 மடங்கு, 3 மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு அடி முன்னால் நடங்கள். கால்தான் நமக்கு ஜூம்.

முதல் பாடம் வெளிச்சம்... பள்ளிக்கூடம் திண்ணை!

உலகில் இன்றைக்கும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கேமராப் படம் எது தெரியுமா? பிரான்ஸைச் சேர்ந்த நிசெபோர் நியெப்ஸ், 1827-ஐ ஒட்டி எடுத்தது. அவர் அதற்காக எங்கேயும் போகவில்லை. தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளைத்தான் எடுத்தார். ஒரே ஒரு படம் பதிவாகப் பல மணி நேரம் ஆனது. நமக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. ஆனால் ஜன்னல் மட்டும் அதேதான்.

நம் ஊரில் பெரும்பாலானோர் செய்யும் தப்பு, நடு மத்தியானத்தில் வெட்டவெளியில் நிற்க வைத்து எடுப்பது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு நேர் மேலேயே வந்துவிடும். மற்ற மாதங்களிலும் மத்தியான வெயில் மேலிருந்துதான் அடிக்கும். அதனால் கண் இருக்கும் குழியும் மூக்குக்குக் கீழும் கறுத்துப்போகும். வெயிலில் கண் கூசி முகம் சுருங்கிவிடும். 'நான் போட்டோல நல்லாவே இருக்க மாட்டேன்' என்று அம்மா சொல்வதற்குக் காரணம் அவர் முகம் இல்லை. நாம் நிற்க வைத்த இடம்.

அதே அம்மாவைத் திண்ணையிலோ, வாசல்படிக்கு உள்ளேயோ, வேப்பமர நிழலின் ஓரத்திலோ உட்காரச் சொல்லுங்கள். முகம் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். தெருவிலிருந்து வரும் வெளிச்சம் நேரடியாக அடிக்காமல் மெதுவாக முகத்தில் படும். நிழல்கள் மென்மையாகும். கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இருந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். ஸ்டூடியோவில் பெரிய வெள்ளைக் குடை விளக்கு வைத்துச் செய்வதும் இதைத்தான்.

வெளியே எடுப்பதாக இருந்தால் காலையும் மாலையும்தான் நம் நேரம். எங்கள் பக்கம் வருடம் முழுக்கச் சூரிய உதயம் ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை மணியை ஒட்டியே இருக்கும். அஸ்தமனம் ஐந்தரையிலிருந்து ஆறே முக்காலுக்குள். உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம், அஸ்தமனத்துக்கு முன் ஒரு மணி நேரம் வெயில் பக்கவாட்டில் வரும், நிறமும் இளம் மஞ்சளாக இருக்கும். சூரியன் மறைந்த பிறகும் உடனே கிளம்பாதீர்கள். அடுத்த இருபது நிமிடம் வானம் அடர் நீலத்துக்கு மாறும். கடைகளில் பல்பு எரிய ஆரம்பிக்கும். சாதாரணக் கடைத்தெருவே அப்போது அழகாகத் தெரியும்.

முகம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பக்கத்தில் போகாதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கக்கூடியது. முகத்துக்கு மிக அருகே கொண்டு போனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் வரும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, 2 மடங்கு லென்ஸில் எடுத்துப் பாருங்கள். ஆள் ஆளாகவே இருப்பார்.

கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள். இருட்டாகத் தெரிகிற எதையும் போன் தானாகவே வெளிச்சமாக்கப் பார்க்கும். அதனால் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போகும். முகத்தைத் தொட்டு, சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். தோலின் உண்மையான நிறமும் மினுமினுப்பும் திரும்பி வரும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் இதற்கு நேர்மாறு. முகம் இருண்டுவிடும், கொஞ்சம் மேலே தள்ள வேண்டும்.

பின்னணியைப் பாருங்கள். 'தலையில் இருந்து கரன்ட் கம்பம் முளைத்திருக்கு'ன்னு யாராவது சிரித்த பிறகு திருத்த முடியாது. படம் எடுக்கும் முன் திரையின் நாலு ஓரத்தையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். ஒரு அடி இடம் வலம் நகர்ந்தாலே கம்பம் காணாமல் போய்விடும்.

கையையும் எடுங்கள். பூ கட்டும் விரல்கள், மணிலா உடைக்கிற கை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற கட்டை விரல்... பல வருடம் கழித்து நாம் தேடப்போவது இவற்றைத்தான்.

ஒரே மலை... இருபது தடவை!

இப்போது மலைக்குப் போகலாம். மயிலம் முருகன் கோயில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. சூரபத்மன் முருகனுக்கு வாகனமாக வேண்டி, மயில் வடிவில் இங்கே தவமிருந்தான் என்பது தலபுராணம். ஊர்ப் பெயரும் அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கும் கோயில் இது. போட்டோ கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். கீழே கடைகள், மேலே போகப் படிகள், கோபுரம், சுற்றிலும் வயலும் ஏரியும். எல்லாமே சின்ன வட்டத்துக்குள்.

முதலில் ஒரு விஷயம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் பயன்பாட்டைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. எனவே உள்ளே போனால் கும்பிடுங்கள். படம் எல்லாம் வெளியேதான். வெளியே எடுக்கவே ஒரு வருடத்துக்கான வேலை இருக்கிறது!

முதல் நாள் போனால் எல்லோரும் எடுப்பதைத்தான் நீங்களும் எடுப்பீர்கள். நடுவில் கோபுரம், மேலே வானம். தப்பில்லை, அது முடியட்டும். இரண்டாம் முறை அதே இடத்தில் உட்கார்ந்து எடுங்கள். படிகள் கீழிருந்து மேலே ஓடும் கோடுகளாகி, பார்ப்பவர் கண்ணைக் கோபுரத்துக்கு இழுத்துப் போகும். மூன்றாம் முறை, படி ஏறி வரும் ஒருவருக்காகக் காத்திருங்கள். கோபுரம் எவ்வளவு உயரம் என்பது அந்த மனுஷர் வந்து நின்ற பிறகுதான் படத்தில் தெரியும். நான்காம் முறை மழை விட்டதும் போங்கள். தேங்கிய தண்ணீரில் கோபுரம் தலைகீழாக இருக்கும். ஐந்தாம் முறை பௌர்ணமிக்குப் போங்கள். பௌர்ணமி நிலா ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில்தான் கிழக்கே எழும். வானம் முழுக்க இருட்டாகும் முன் நிலாவும் கோபுரமும் ஒரே வெளிச்சத்தில் கிடைக்கும் நேரம் அது.

இப்படிப் போகப் போக, 'இங்கே என்ன இருக்கு எடுக்க?' என்ற கேள்வி போய், 'இன்னிக்கு எதை விட?' என்ற கேள்வி வந்துவிடும். அப்போது நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைச் செய்து காட்டியவர் ஒருவர் நம்மிடமே இருந்தார். இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை, 46 ஆண்டுகள் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தவர், வீட்டைச் சுற்றி இருக்கும் காக்கா, அணில், ஓணானையும் அதே அக்கறையோடு கவனித்து எழுதினார். அவர் கேமரா கடையில் வாங்கிய புத்தம் புது மாடல் இல்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட ஒன்று. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அடுத்த முறை 'என் போன்ல மெகாபிக்ஸல் கம்மி பாஸ்' என்று தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கம் மயில் கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள். அது 1963-லிருந்து நம் தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் அதுவாகவே பக்கத்தில் வரும். வரவில்லை என்றால் பரவாயில்லை. தூரத்து மயிலை விரித்து ஜூம் செய்து புள்ளி புள்ளியாக எடுப்பதைவிட, பரந்த வயலில் சின்னதாக ஒரு மயில் நிற்பதே நல்ல படம்.

'எடுக்கட்டுங்களாக்கா?'

பக்கத்தில் இருக்கும் கூட்டேரிப்பட்டு வாரச்சந்தைக்குக் கேமராவோடு போனால் கை துறுதுறுக்கும். ஆடு பிடித்து நிற்கும் தாத்தா, காய்கறிக் குவியல், பேரம் பேசும் கை... சுட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒருமுறை பூ விற்கும் அக்கா ஒருவரைக் கேட்காமல் எடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. 'தம்பி, அழுக்குப் புடவையில இருக்கேன்... எங்க போடப் போற இத?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அழித்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் போனைப் பையில் போட்டுவிட்டுப் பேசுவேன். ஏதாவது வாங்குவேன். பிறகு 'ஒரு படம் எடுக்கட்டுங்களாக்கா?' என்று கேட்பேன். வேண்டாம் என்றால் சரி. சரி என்றால், முதல் இரண்டு படம் போஸ் கொடுத்து விறைப்பாக இருக்கும். அதை எடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். அவர் வேலையைத் தொடர ஆரம்பித்ததும் வருவதுதான் உண்மையான படம். அடுத்த வாரம் அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தையில் உங்களை யாரும் 'யார்ப்பா நீ?' என்று கேட்க மாட்டார்கள்.

குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுத்துப் பகிர வேண்டாம். துக்க வீடு, மருத்துவமனை, குளிக்கும் இடம்... இங்கெல்லாம் போன் பையிலேயே இருக்கட்டும்.

பக்கத்தில் இருப்பவர்களை எடுத்தே பெரிய வேலை செய்த தமிழ் போட்டோகிராபர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த பழனிகுமாரின் அம்மா மீன் விற்பவர். கடன் வாங்கித்தான் முதல் கேமரா. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமாக்கினார். 2017-ல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவர்தான். 'பாரி' இணைய இதழுக்காகத் தன் அம்மாவின் வாழ்க்கையையும் படங்களோடு எழுதினார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், தானாகவே போட்டோகிராபி கற்றவர். கொரோனா ஊரடங்கில் சொந்த ஊரில் தங்கிய நாள்களில் தன் குடும்பத்தை எடுத்த படத்தொகுப்பு அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இரண்டு பேர் படங்களையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் 'எங்கே நின்று எடுத்தார், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது?' என்று கேட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல டியூஷன் கிடையாது.

எட்டுப் படத்தில் ஒரு கதை

ஒற்றைப் படம் எடுக்கப் பழகியதும் அடுத்த படி, கதை சொல்வது. மலையடிவாரத்தில் பூ கட்டும் ஒருவரை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த எட்டையும் தேடுங்கள்.

1. கடையும் தெருவும் சேர்ந்து தெரியும் தூரப் படம்.
2. கடையில் அவர் உட்கார்ந்திருக்கும் நடுத்தரப் படம்.
3. நேராகப் பார்க்கும் முகம்.
4. நாரும் பூவும் விரலும் மட்டும்.
5. யாரோ வாங்கும்போது நடக்கும் பேச்சு.
6. கூடை, தண்ணீர் தெளிக்கும் சொம்பு மாதிரி ஒரு பொருள்.
7. அவர் ஓய்வாக இருக்கும் ஒரு நிமிடம்.
8. கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பும் காட்சி.

எட்டாவது படத்துக்காக நீங்கள் இரவு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் போட்டோகிராபர் உருவாகிறார். பங்குனி உத்திரத் திருவிழாவில் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேரை எல்லோரும் எடுப்பார்கள். வடம் பிடித்துச் சிவந்த கைகளை நீங்கள் எடுங்கள்.

ஆட்டோவிலிருந்து ப்ரோவுக்கு

ஒரு மாதம் ஆட்டோவில் எடுத்த பிறகு, போனில் உள்ள ப்ரோ மோடைத் திறங்கள். அதில் மூன்றே விஷயம்தான் முக்கியம்.

ஷட்டர் வேகம்: எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம் என்பது. நடப்பவர்களுக்கு நொடியில் 250-ல் ஒரு பங்கு, ஓடும் குழந்தைகளுக்கும் பறவைகளுக்கும் 1,000-ல் ஒரு பங்கு வைத்தால் உறைந்து நிற்பார்கள். 15-ல் ஒரு பங்கு வைத்தால் காவடி ஆட்டம் அலை மாதிரி கலங்கி வரும். சில சமயம் அதுதான் அழகு.

ஐ.எஸ்.ஓ: வெளிச்சம் போதாதபோது போன் தன் உணர்திறனை ஏற்றிக்கொள்வது. 100, 200 என்றால் படம் சுத்தமாக இருக்கும். 3,200-க்கு மேல் போனால் மணல் தூவினது மாதிரி புள்ளிகள் வரும்.

வொயிட் பேலன்ஸ்: படத்தின் நிறச் சூடு. மாலை வெயிலின் மஞ்சளைப் போன் 'தப்பு' என்று நினைத்து வெள்ளையாக்கிவிடும். இதை 5,500-ஐ ஒட்டி நிறுத்தி வைத்தால் மாலை மாலையாகவே இருக்கும்.

நைட் மோடு பற்றி ஒரு வார்த்தை. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்ப்பது. கோபுரத்துக்கு நன்றாக வரும். ஆடுகிற ஆளுக்குப் பேய் மாதிரி வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

மலையில் கை பழகியதா? பைக்கை எடுத்தால் சுற்றிலும் அடுத்தடுத்த பாடங்கள் இருக்கின்றன.

செஞ்சிக் கோட்டை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். 2025 ஜூலையில் மராத்தா ராணுவ நிலப்பரப்புகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறை, மதில், வானம் என்று அடுக்கடுக்காகப் படம் அமைக்கப் பழக நல்ல இடம். ட்ரைபாட் வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

மண்டகப்பட்டு: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்ததாகக் கல்வெட்டிலேயே சொல்லும் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை. இருபுறமும் நிற்கும் துவாரபாலகர்களை எடுத்துப் பழகுங்கள். சிற்பத்துக்கு நேர் வெளிச்சம் ஆகாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் மேடு பள்ளம் தெரியும்.

பனமலை: பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கும் கோயில். ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

திருவக்கரை: சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான கல்மரங்கள். மரம் மாதிரி இருக்கும் கல்லின் வரிகளை நெருங்கி எடுக்கலாம். எடுத்துவர வேண்டியது படம் மட்டுமே.

மரக்காணம், கழுவேலி: ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. உப்பளத்தில் வெள்ளை அதிகம் என்பதால் போன் குழம்பிப் படத்தைச் சாம்பலாக்கும், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வெறுங்காலோடு உப்பு வாருகிற தொழிலாளிகளிடம் முதலில் பேசுங்கள், பிறகு எடுங்கள். வலசைப் பறவைகளுக்குக் குளிர்காலம்தான் சீஸன்.

சரி, கேமரா எப்போ வாங்கலாம்?

'என்னால் எடுக்க முடியாத ஒரு குறிப்பிட்ட படம் இருக்கு, அதுக்குக் காரணம் என் போன்தான்' என்று தெளிவாகச் சொல்ல முடிகிறபோது வாங்குங்கள். பறவை, மேடை நிகழ்ச்சி, இரவு நேரத் திருவிழா... இவற்றில் போன் திணறும். அதுவரை தேவையில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது புத்திசாலித்தனம். மூன்றைப் பாருங்கள். ஷட்டர் கவுன்ட் எவ்வளவு என்று கேளுங்கள், அதுதான் கேமராவின் கிலோமீட்டர் கணக்கு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். பில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் லென்ஸாக 50 எம்.எம் எஃப் 1.8 நல்ல தேர்வு. பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று, குறைந்த வெளிச்சத்திலும் முகம் அருமையாக வரும். ஜூம் இல்லாததால் உங்களை நடக்க வைக்கும். நம்முடையது கடற்கரையை ஒட்டிய ஊர்ப்பக்கம், காற்றில் ஈரம் அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு அதற்குள் வையுங்கள்.

இ.எம்.ஐ போட்டு வாங்கிவிட்டு, கல்யாண ஆர்டர் வந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பிடித்துச் செய்கிற விஷயம் தவணைத் தேதியைப் பார்த்துச் செய்கிற வேலையாக மாறிவிடும்.

எடுத்தாச்சு... அப்புறம்?

தேர்ந்தெடுங்கள்: நூறு எடுத்தால் ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வராததைப் பார்த்து 'ஏன் வரலை?' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முன்னேற்றம் அங்கேதான் நடக்கிறது.

எடிட் குறைவாகச் செய்யுங்கள்: ஸ்னாப்சீட், லைட்ரூம் மொபைல் இரண்டும் போதும். சாய்வைச் சரிசெய்து, ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தை ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. வானத்தை ஊதா ஆக்கும் ஃபில்டர் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே பிடிக்காது.

வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள்: அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முக்கியமான படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போனில் ஒன்று, கிளவுடில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் போன் திரும்ப வாங்கலாம்.

பகிருங்கள்: லைக் மட்டும் இல்லாத இடங்களிலும். விக்கிமீடியா காமன்ஸில் உங்கள் ஊர்க் கோயில், ஏரி, சிற்பங்களை ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சென்னைக்குப் போனால், 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே நடக்கும் சமயமாகப் பார்த்துப் போங்கள். பெரிய அளவில் பிரிண்ட் போட்ட படங்களை நேரில் பார்ப்பது தனி அனுபவம்.

நாலு வாரத் திட்டம்

முதல் வாரம்: வீட்டு ஜன்னல் அல்லது திண்ணை. தினமும் வீட்டில் உள்ள ஒருவர். ஒரு நாளைக்கு ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் வாரம்: ஒரே மரம், ஒரே கோபுரம், அல்லது ஒரே டீக்கடை. காலை, மத்தியானம், மாலை என மூன்று வேளை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் வாரம்: தெரியாத ஐந்து பேரிடம் பேசி, கேட்டு, எடுங்கள். இரண்டு பேராவது மறுப்பார்கள். அதுவும் பாடம்தான்.

நான்காம் வாரம்: எட்டுப் படக் கதை ஒன்று. முடித்ததும் பிரிண்ட்.

பிரிண்ட் ரொம்ப முக்கியம் மக்களே. போன் கேலரியில் கிடக்கும் படத்தை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பக்கத்து ஸ்டூடியோவில் போஸ்ட்கார்டு சைஸில் போட்டு ஒரு சின்ன ஆல்பத்தில் வையுங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எடுத்துப் புரட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இப்போது ஒரு ஆல்பம் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் அப்பா, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரும் தனித்தனியாக இருக்கிறார்கள். ஆயா மட்டும் இல்லை.

அதனால் மலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குச் சாயங்காலமே வீட்டு வாசலில் அம்மாவையோ தாத்தாவையோ ஆயாவையோ உட்கார வையுங்கள். லென்ஸைத் துடையுங்கள். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். 'இரு, மூஞ்சி கழுவிப் பொட்டு வெச்சிட்டு வர்றேன்' என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அதற்குள் ஒன்று எடுத்துவிடுங்கள். கழுவிட்டு வந்த பிறகும் ஒன்று எடுங்கள். இரண்டையும் அவர்களிடமே காட்டி, எது பிடிச்சிருக்குன்னு கேளுங்கள்.